குறிஞ்சியில் விடுபட்ட பேர்



யாழ்ப்பாணத்துத் தமிழாசிரியனுக்குக் குறிஞ்சித் திணையைக் கற்பிப்பது சற்றுச் சங்கடமான காரியம். எங்கள் பக்கத்தில் மலை இல்லை. பெயரில் மலையை வைத்திருக்கும் கீரிமலையிலும் எங்கள் பிள்ளைகள் கண்டவை கேணியும் கடலுமே. ஆகவே, மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த திணைக்குச் சென்றுவிடுவதே என் வழக்கமாக இருந்தது.

இக்குறையைத் தீர்க்க எண்ணி, சில ஆண்டுகளுக்கு முன்னர் உயர்தர வகுப்பு மாணவர்களைப் பதுளை மாவட்டத்திலுள்ள எல்லவுக்குச் சுற்றுலாவாக அழைத்துச் சென்றோம். எல்ல நகரிலிருந்து பசறை வீதியிலே சிறிது தூரம் சென்று, தேயிலைத் தோட்டத்தினூடாகப் பிரியும் பாதையில் நடந்தால் சின்னச் சிவனொளிபாதமலையை அடையலாம். பெரிய சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீற்றர். இதன் உயரம் 1,141 மீற்றர் மாத்திரமே. அங்கே இரவிரவாகப் படியேற வேண்டும். இங்கே முக்கால் மணி நேர நடை போதும். பாதையின் பெரும்பகுதி மெல்லிய ஏற்றம், இறுதியில்தான் படிகள். சமவெளியிற் பிறந்த எங்களுக்கென்றே அமைந்த மலை என்று சொல்லலாம்.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். பாதையின் இருமருங்கும் தேயிலை. ஓரிடத்திலே பெண்கள் நிரையாக நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தனர். எங்கள் மாணவன் ஒருவன் ஆர்வத்தோடு அருகிற் சென்று, "அம்மா, எந்தக் கொழுந்தைக் கிள்ளுறது எண்டு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். அந்த அம்மா சிரித்தார். கைகள் மட்டும் நிற்கவில்லை. "நின்னு பேசிக்கிட்டிருந்தா அரைப்பேராப் போயிடும் தம்பி" என்றார். மாணவன் என்னைப் பார்த்தான். எனக்கும் அச்சொல் விளங்கவில்லை. விளங்கியவன்போலத் தலையசைத்துவிட்டு மேலே நடந்தேன்.

உச்சியிலே நின்றபோது எவரும் சிறிது நேரம் பேசவில்லை. எதிரே எல்லப் பாறை. இரண்டு மலைகளுக்கும் நடுவே ஆழமான இடைவெளி. அதன் அடியில் வெல்லவாயாவுக்குச் செல்லும் வீதி ஒரு நூலாகக் கிடந்தது. அதற்கும் அப்பால் தெற்குச் சமவெளி புகார்மூட்டத்திலே கரைந்துகொண்டிருந்தது.

எனக்குள்ளிருந்த ஆசிரியன் சும்மா இருப்பானா? "கபிலர் குறிஞ்சிப்பாட்டின் 261 அடிகளுக்குள்ளே 99 பூக்களின் பெயர்களை அடுக்கிவிட்டார். நீங்கள் இங்கே காண்பனவற்றைப் பத்து நிமிடத்தில் எழுதுங்கள். நானும் எழுதுகிறேன்" என்றேன்.

ஒவ்வொருவராக வாசித்தார்கள். முகில், பாறை, பள்ளத்தாக்கு, பெயர் தெரியாத பறவை. என் பட்டியலும் அதுவேதான். சொற்கள் மாத்திரம் கொஞ்சம் இலக்கியத்தனமாக இருந்தன. கடைசியாக, எங்கள் விடுதியிலே தங்கிப் படிக்கும் மலையக மாணவன் எழுந்தான். "கொழுந்தெடுப்போர் பதினொருவர். கங்காணி ஒருவர். கொழுந்து நிறுக்கும் தராசு ஒன்று. லயத்துக் கூரைகள் இரண்டு வரிசை" என்று வாசித்துவிட்டு அமர்ந்தான்.

நாங்கள் அனைவரும் அதே வழியாலேதான் வந்திருந்தோம்.

அவனிடமே கேட்டேன், அரைப்பேர் என்றால் என்னவென்று. "தோட்டத்தில பேர் எண்டா ஒரு நாள் சம்பளம் சேர். நிறுக்கிறபோது சொன்ன கிலோவுக்குக் கொழுந்து குறைஞ்சா அரைநாட் சம்பளந்தான். அது அரைப்பேர். எங்கட அம்மாவும் கொழுந்துதான் எடுக்கிறா" என்றான்.

நேயர்களே, நான் தமிழிலே பட்டம் பெற்றவன். ஆசிரியப் பயிற்சியும் பெற்றவன். நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் கூறும் கருப்பொருள்கள் பதினான்கையும் நித்திரையிலும் சொல்வேன். அவற்றுள்ளே பூவும் புள்ளும் மாத்திரமா உள்ளன? உயர்ந்தோர், அல்லோர் என மக்களும் உளர், தொழிலும் உண்டு. மக்களும் தொழிலுமின்றி நிலம் இல்லை என்பது இலக்கணம். அந்த இலக்கணத்தைப் படிப்பித்தவனின் பட்டியலிலே மக்கள் இல்லை, தொழிலும் இல்லை.

பெயர் விடுபடுவது இம்மக்களுக்குப் புதிதன்று. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இவர்களுட் பெரும்பாலாரை நாடற்றோர் ஆக்கியது. 1949 இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தம் வாக்காளர் இடாப்பிலிருந்தும் அவர்களின் பெயர்களை நீக்க வழிசெய்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் நிறைவேறியது. இதனை வரலாற்றுப் பாடமாக நான் முன்னரே அறிவேன். அறிந்திருந்தும் அன்று காலை அவர்களைக் கடந்து நடந்தேன் என்பதுதான் என் வருத்தம்.

இறங்கி வரும்போது அந்த அம்மா வேறொரு நிரைக்கு மாறியிருந்தார். வேலையைக் குழப்பக் கூடாதென்று நாங்கள் நிற்கவில்லை. வணக்கம் சொன்னோம். அவர் தலையை அசைத்தார்.

நீங்களும் ஒருமுறை அம்மலைக்குப் போய் வாருங்கள். மழைக் காலமாயின் அட்டைக்குக் கவனம். மூடுபனி கவியுமுன் காலையிலே ஏறிவிடுங்கள். இப்போது நான் குறிஞ்சியைக் கற்பிக்கும்போது, "பேர்" என்ற சொல்லுக்கு எத்தனை பொருள் என்று கேட்டே பாடத்தை ஆரம்பிக்கிறேன். எந்த அகராதியைப் புரட்டியும் நான் கற்காத அந்தப் பொருளை எனக்குக் கற்பித்த மாணவன், இப்போது ஒரு தோட்டப் பாடசாலையிலே ஆசிரியராக இருக்கிறான்.