விருப்பத்தோடு போனார்கள் என்றார்கள்



யுத்த காலத்தில் கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் யார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் காத்திருந்தவர்கள், வைத்தியத்துக்கு வந்தவர்கள், ஊரில் இருந்தால் உயிர் தப்பாது என்று ஓடி வந்தவர்கள். 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்ட பிறகு, யாழ்ப்பாணத்துக்காரர் கொழும்புக்கு வந்து சேர்வதே பெரும்பாடாக இருந்தது.

2007 ஜூன் 7 அதிகாலை பொலிஸார் அந்த லொட்ஜ்களின் கதவுகளைத் தட்டினார்கள். கொழும்பில் தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லை என்று சொல்லி, கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வந்தவர்களை பஸ்களில் ஏற்றினார்கள். மொத்தம் 376 பேர். பெரும்பாலானோரை வவுனியாவில் கொண்டுபோய் இறக்கினார்கள். அவர்கள் தாங்களாகவே விரும்பிப் போனார்கள் என்று அரசாங்கம் அறிவித்தது.

அந்தப் பொய் ஒரு நாள்கூட நின்று பிடிக்கவில்லை. பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்களிடம் கைத்தொலைபேசி இருந்தது. வீதியில் பத்திரிகையாளர்கள் நின்றார்கள். மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடையுத்தரவு பெற்றது. ஜூன் 10ஆம் திகதி பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்து, நடந்தது தவறு என்று ஒப்புக்கொண்டார். ஆனால் பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ச, முந்நூறு பேரைப் பிடித்துத் தடுத்துவைப்பதைவிட ஊருக்குத் திருப்பி அனுப்புவது நல்லது என்று நியாயம் சொன்னார். விரும்பிப் போனவர்களுக்கு இந்த நியாயம் எதற்கு?

இதை நான் இன்று நினைவுபடுத்துவதற்குக் காரணம் உண்டு. அதே அரசாங்கம் பதினைந்து மாதங்கள் கழித்து, யுத்தம் நடந்த வன்னியில் முதலில் சாட்சிகளை அப்புறப்படுத்தியது. 2008 செப்டெம்பரில் ஐ.நா. ஊழியர்களைக் கிளிநொச்சியை விட்டு வெளியேறச் சொன்னது. போகவேண்டாம் என்று மக்கள் வாசலை மறித்து நின்று கெஞ்சியும் ஊழியர்கள் போனார்கள். சுயாதீனப் பத்திரிகையாளர் எவருக்கும் அங்கே அனுமதி இருக்கவில்லை. 2009 ஜனவரி 8ஆம் திகதி பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொழும்புக்கு அருகே கொல்லப்பட்டார். பெப்ரவரியில், தன் நிகழ்ச்சிகள் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் அலைவரிசையில் இடைமறிக்கப்படுவதாகச் சொல்லி பிபிசி அந்த அலைவரிசைச் சேவையை நிறுத்தியது. செய்திக்காக வானொலிப் பெட்டியைச் சுற்றியிருந்த குடும்பங்களுக்கு அது எப்படிப்பட்ட இழப்பு என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதன் பிறகு வந்தன எண்கள். வன்னியில் அகப்பட்டிருப்பவர்கள் சுமார் 70,000 பேர் என்றது அரசாங்கம். பெப்ரவரி 18ஆம் திகதி இந்திய நாடாளுமன்றத்தில் வெளிவிவகார அமைச்சர் பிரணாப் முகர்ஜி சொன்னதும் அதே எண்தான். மே மாத முடிவில், அங்கிருந்து வந்து மெனிக் பாம் முதலிய முகாம்களில் இருந்தவர்களோ ஏறத்தாழ 290,000 பேர். அரிசியும் மருந்தும் தலைக்கணக்குப்படிதான் கப்பல் ஏறும். எழுபதாயிரம் என்று எழுதினால் எழுபதாயிரம் பேருக்குத்தான் கஞ்சி. அரசாங்கம் வேண்டுமென்றே எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டியது என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. பசியால் சுருண்ட பிள்ளைகளுக்கும், மயக்க மருந்தில்லாமல் கால் வெட்டப்பட்டவர்களுக்கும் அந்தப் பொய் வெறும் பிரசாரமாக இருக்கவில்லை.

2009 ஏப்ரல் 27ஆம் திகதி கனரக ஆயுதங்களைப் பயன்படுத்துவது நிறுத்தப்பட்டதாக அறிவித்தார்கள். முள்ளிவாய்க்கால் ஆஸ்பத்திரி மீது ஷெல் விழுந்தது அதற்குப் பிறகு, மே மாதத்தில். ஆஸ்பத்திரிகளில் கடைசிவரை நின்று செய்தி சொன்ன வைத்தியர்கள் ஐந்து பேர், தடுப்புக் காவலில் இருந்தபடியே, ஜூலை 8ஆம் திகதி கொழும்பில் ஊடகங்கள் முன் அமர்த்தப்பட்டு, தாங்கள் முன்பு சொன்னதெல்லாம் மிகை என்றார்கள். காவலில் இருப்பவர் சொல்வதை நான் சாட்சியமாக ஏற்பதில்லை.

புலிகளையும் சொல்லாமல் விட முடியாது. மக்கள் தங்கள் விருப்பத்தோடுதான் கூட நிற்கிறார்கள் என்று அவர்கள் உலகத்துக்குச் சொன்னார்கள். ஆனால் அங்கே தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள், பதுங்குகுழிக்குள் ஒளித்துவைத்த பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போனார்கள். கொழும்பில் அரசாங்கம் சொன்ன அதே 'விருப்பம்'தான் அங்கேயும்.

பொதுமக்கள் எவரும் சாகாத யுத்தம் என்று இரண்டு வருடம் சொல்லிவந்த அரசாங்கம், 2011 ஆகஸ்ட் 1ஆம் திகதி, பாதுகாப்பு அமைச்சின் அறிக்கையில், பொதுமக்கள் இழப்பை முற்றாகத் தவிர்க்க முடியவில்லை என்று எழுதியது. எத்தனை பேர் என்று எழுதவில்லை.

அதே வருடம் ஜனவரியில், மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் அரசாங்கம் நியமித்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கை வைத்திருந்தார். 2008 ஒக்டோபரில் கச்சேரிப் பதிவுப்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059. அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380. மீதி 146,679 பேர். இவர்கள் எல்லோரும் செத்துவிட்டார்கள் என்று ஆயர் சொல்லவில்லை. இவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். கணக்குப் பிழை என்றால் பிழையைக் காட்டலாம். கிராம சேவையாளர் பிரிவுவாரியாகப் பெயர்களை எடுத்து, ஷெல்லில் செத்தவர், புலிகள் சுட்டவர், சரணடைந்து திரும்பாதவர், கடல் கடந்தவர் என்று வெளியிடலாம். அந்தப் பதிவேடுகளை எழுதியவர்களே அரச உத்தியோகத்தர்கள்தான். ஆயர் 2021 ஏப்ரல் 1ஆம் திகதி காலமானார். அவருக்கு அப்படி ஒரு பட்டியலை எந்த அரசாங்கமும் கொடுக்கவில்லை.