சாலிக்கிராமமும் காரைக் களிமண்ணும்
(திண்டுக்கல்லில் பேசியது)



நம் திண்டுக்கல் மலையை எவ்வளவு உடைத்தாலும் அதில் ஒரு கிளிஞ்சல்கூட அகப்படாது. அது பூமியின் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் உண்டான பாறை. ஆனதால்தான் சென்ற ஞாயிற்றுக்கிழமை நாமும் சில தோழர்களும் விடியுமுன் பஸ் ஏறி, திருச்சியைத் தாண்டி, பெரம்பலூர் ஜில்லாக் காரை என்ற ஊருக்குப் போய்வந்தோம்.

ரோட்டோரத்திலேயே மழை அரித்த களிமண் மேடுகள். குனிந்து பார்த்தால் துப்பாக்கித் தோட்டாவைப் போன்ற கற்கள். அவை கணவாய்க்கு உறவான பெலம்னைட் என்ற கடற்பிராணியின் உடலுக்குள் இருந்த கெட்டியான பாகம். பக்கத்திலேயே ஆட்டுக்கிடாய்க் கொம்பு போலச் சுருண்ட அம்மோனைட். இவைகளுக்கு வயது ஏறக்குறைய 10 கோடி வருஷம். இன்றைக்குக் கடலோ அங்கிருந்து 60 மைலுக்கு அப்பால் இருக்கிறது!

நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து கொண்டுவந்து பாலாபிஷேகம் செய்கிறார்களே சாலிக்கிராமம், அதற்குள் சக்கரமாகத் தெரிவதும் இதே அம்மோனைட் இனத்தின் ஓடுதான். இமயமலை எழும்புமுன் அங்கே கடல் இருந்தது. புராணமோ, வஜ்ரகீடம் என்ற புழு குடைந்த சக்கரம் என்கிறது. கல்லே மகாவிஷ்ணு என்கிறது. அதைத் தொடப் பெண்களுக்கும் "சூத்திரர்"களுக்கும் யோக்கியதை இல்லையென்று விதியும் எழுதிக்கொண்டார்கள். காரையிலோ ஆடு மேய்க்கும் அம்மாள் அந்த இனத்தின் மேலேயே நடந்து போகிறார். அவருக்கும் ஒன்றும் நேரவில்லை, கல்லுக்கும் ஒன்றும் நேரவில்லை.

கூடவந்த பெரியவர் ஒருவர், "பார்த்தீர்களா, பிரளயம் வந்ததற்கு இதுவே ருஜு" என்றார். "ஐயா, ஒரு வெள்ளம் வந்து வடிந்தால் இத்தனை அடுக்கு எப்படி வரும்? நூற்றுக்கணக்கான அடிக் கனம் இருக்கிறது. கீழடுக்கிலுள்ள பிராணி மேலடுக்கில் இல்லை. அரியலூர்ப் பக்கம் கல்லங்குறிச்சியில் சிப்பிகளே பாறையாய்க் கிடக்கின்றன. அந்தச் சுண்ணாம்புக் கல்லை வெட்டித்தான் சிமெண்டு செய்கிறார்கள். அத்தனை தலைமுறைச் சிப்பியும் ஒரே வெள்ளத்தில் பிறந்து வளர்ந்து செத்ததா?" என்று கேட்டோம். பெரியவர் யோக்கியர், பதில் சொல்லாமல் இன்னொரு அடுக்கைப் பார்க்கப் போய்விட்டார்.

புராணக்காரர்கள்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். 2020-ம் வருஷம் அதே ஜில்லாக் குன்னத்தில் மண்ணிலிருந்து உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது, டைனோசர் முட்டையென்று ஊரெல்லாம் பேச்சு. படித்தவர்களும் சேர்ந்து பரப்பினார்கள். நிலநூல் அறிந்தவர்கள் பார்த்து, முட்டையல்ல, கடற்படிவம் என்று சொன்ன பிறகே அடங்கிற்று.

அடுத்தபடி சாத்தனூரில் கல்லாய்ப்போன மரத்தைப் பார்க்கப் போகிறோம். 1940-ல் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது, ஏறக்குறைய 60 அடி நீளம். பெண்களும் பிள்ளைகளும் கட்டாயம் வரவேண்டும். குடிக்கத் தண்ணீர் கொண்டுவாருங்கள். கல்லை மூட்டை கட்டத் துணிப்பை மட்டும் வேண்டாம்.