ஆற்றின் பிறந்தகம் நோக்கி ஒரு மோட்டார்ப் பயணம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குப் பகுதியில் விடுமுறையைக் கழிக்கப் பலரும் கையாளும் முறை ஒன்று உண்டு. நண்பர்கள் இருவரோ மூவரோ ஒரு மோட்டார் வண்டியில் கூடாரத்தையும் உணவுப் பொருள்களையும் ஏற்றிக்கொண்டு, ஒரு தேசியப் பூங்காவிலிருந்து மற்றொன்றுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்வார்கள். 1872-ஆம் ஆண்டில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா அங்கே நிறுவப்பட்டது. காட்டையும் மலையையும் பொதுச் சொத்தாகக் காத்து, மக்கள் கண்டு மகிழ வகை செய்யவேண்டும் என்னும் கொள்கை அதிலிருந்து உலகெங்கும் பரவிற்று. இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா 1936-இல் இமயமலை அடிவாரத்தில் ஹெய்லி பூங்கா என்ற பெயரால் அமைந்தது. இன்று அதனை ஜிம் கார்பெட் பூங்கா என்று வழங்குகிறோம்.

இத்தகைய பயணத்துக்குக் கடல் கடந்து செல்லவேண்டும் என்பதில்லை. பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கெல்லையில் உள்ள எருத்தேன்பதியிலிருந்து புறப்பட்டு மூன்று நாட்களில் இதனை முடித்துவிடலாம். சென்ற மார்கழியில் நாமும் அவ்வூர் நண்பர் ஒருவரும் அவருடைய வண்டியில் அவ்வாறு சென்று வந்தோம். நண்பர் உழவுத் தொழில் செய்பவர். பயணத்துக்கு அவர் கூறிய காரணம் நம்மைச் சிந்திக்கச் செய்தது. “வாய்க்காலில் தண்ணீர் விட்டார்களா என்று நாற்பது ஆண்டுகளாக விசாரித்து வருகிறேன். அந்தத் தண்ணீர் எங்கிருந்து புறப்படுகிறது என்று ஒரு முறையேனும் போய்ப் பார்த்ததில்லை. நீங்கள் வருவதானால் போய் வருவோம்” என்றார் அவர்.

எருத்தேன்பதி, வடகரபதி, கொழிஞ்சாம்பாறை ஆகிய ஊர்களின் நிலைமையை அறிந்தவர்களுக்கு இச்சொற்களின் பொருள் விளங்கும். கேரளம் என்றதும் மழையும் பசுமையும் நினைவுக்கு வரும். ஆனால் சித்தூர் வட்டத்தின் இக்கிழக்குப் பகுதி மழை மறைவில் கிடக்கும் வறண்ட பூமி. தென்னையும் நிலக்கடலையும் விளையும் மண் இது. தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுத் திண்ணையில் கலந்து ஒலிக்கும் ஊர்கள் இவை. கிணறு வற்றினால் உழவர் ஆழியாற்றை எதிர்பார்க்கவேண்டும். 1970-ஆம் ஆண்டு கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தின்படி, ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி., அதாவது 725 கோடி கன அடி நீர், மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்குக் கிடைக்கவேண்டும். அந்நீரே சித்தூர் ஆறாகிப் பின்னர்ப் பாரதப்புழையில் கலக்கிறது. மூலத்தறையிலிருந்து புறப்படும் வலக்கரைக் கால்வாயை எருத்தேன்பதிப் பக்கம் நீட்டிக்கும் வேலையும் அண்மை ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்டது. ஆகவே மலைக்காட்டின் நலம் என்பது இவ்வூராருக்கு வேடிக்கைப் பொருளன்று; வயிற்றுப்பாட்டுச் செய்தியாகும்.

முதல் நாள் எல்லையைக் கடந்து பொள்ளாச்சிக்கு வந்து, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை வழியாக டாப்ஸ்லிப்பை அடைந்தோம். வெட்டிய தேக்கு மரங்களை மலையுச்சியிலிருந்து சரிவில் சறுக்கிவிட்ட இடம் ஆதலால் அப்பெயர் வந்தது. அக்காலத்தில் கப்பலுக்கும் இரயில் பாதைக்கும் மரம் வேண்டியிருந்தது. காடு விரைவில் மொட்டையாயிற்று. ஹியூகோ வுட் என்னும் ஆங்கிலேய வன அதிகாரி, வெட்டுவதைக் கட்டுப்படுத்தி, தேக்கை மீண்டும் வளர்க்க முற்பட்டார். அவர் 1933-இல் காலமானார். அவருடைய கல்லறை டாப்ஸ்லிப்பிலேயே தேக்குகளின் நடுவில் இருக்கிறது.

டாப்ஸ்லிப்பைத் தாண்டினால் மீண்டும் கேரளம். பரம்பிக்குளம் கேரளத்தைச் சேர்ந்தது. ஆனால் அங்கே பேருந்து செல்லும் சாலை தமிழ்நாட்டின் வழியாகத்தான் போகிறது. அங்குள்ள அணையோ கேரள மண்ணில் நிற்கிறது. அதனை இயக்குவது தமிழ்நாடு. மேற்கே சாலக்குடி ஆற்றுக்குப் போகவேண்டிய நீரை மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்புகிறார்கள். 2022 செப்டம்பரில் இவ்வணையின் மூன்று மதகுகளில் ஒன்று கழன்று பெருவெள்ளம் வீணே ஓடியபோது, இரு மாநில உழவர்களும் ஒருங்கே கவலையுற்றார்கள்.

ஆனப்பாடியில் நம் வண்டியை நிறுத்திவிட்டு வனத்துறை வண்டியில் ஏறினோம். காடர் குலத்து இளைஞர் ஒருவர் வழிகாட்டியாக வந்தார். கன்னிமரா என்னும் தேக்கின் முன் அவர் எங்களை நிறுத்தினார். அம்மரத்தைச் சுற்றி வளைக்க ஐவர் கைகோத்து நிற்கவேண்டும். 1907 முதல் 1963 வரை இக்காட்டிலிருந்து சாலக்குடிவரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம் கொச்சி அரசின் டிராம் பாதை ஓடிற்று. மரம் சுமந்து செல்வதே அதன் வேலை. அத்தனை கோடரிகளுக்கும் தப்பி நிற்கும் மரத்தின் முன் நண்பர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “இங்கே நிழல் இருப்பதால்தான் எங்கள் வாய்க்காலில் ஈரம் இருக்கிறது” என்றார். 1973-இல் சரணாலயமாகவும் 2010-இல் புலிகள் காப்பகமாகவும் இக்காடு அறிவிக்கப்பட்டது.

இரண்டாம் நாள் மீண்டும் சமவெளிக்கு இறங்கி, உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் சாலையைப் பிடித்தோம். மறுபடியும் ஒரு மாநில எல்லை. அதற்கப்பால் இடுக்கி மாவட்டத்துச் சின்னாறு சரணாலயம். எருத்தேன்பதியைப் போலவே இதுவும் மழை மறைவுப் பகுதிதான். முள்மரங்களும் கள்ளியும் நிறைந்த இக்காட்டில், அரிய நரை அணிலும் நட்சத்திர ஆமையும் வாழ்கின்றன. வறண்ட நிலம் பயனற்ற நிலம் என்று எண்ணுவோர் இங்கே வந்து தம் கருத்தைத் திருத்திக்கொள்ளலாம். இங்கு ஓடும் பாம்பாறு, கிழக்கு நோக்கிப் பாயும் கேரளத்து ஆறுகள் மூன்றனுள் ஒன்று. அது சின்னாற்றுடன் கூடி அமராவதி என்னும் பெயர் பெற்று, கரூர்ப் பக்கம் காவிரியில் சேர்கிறது. முதல் நாள் கண்டதற்கு இது மறுதலை. அங்கே தமிழ்நாடு இயக்கும் அணையின் நீர் கேரளத்து வயலுக்குப் போகிறது. இங்கே கேரளத்து மலையின் நீர் தமிழ்நாட்டு வயலுக்கு வருகிறது.

மறையூரில் சந்தனக் காட்டையும் முனியறை என்று வழங்கும் பழங்காலக் கற்கல்லறைகளையும் கண்டோம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லம் காய்ச்சும் மணம் வழியெல்லாம் வீசிற்று.

மூன்றாம் நாள் இரவிகுளம் தேசியப் பூங்கா. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். தேயிலைத் தோட்டத்துத் துரைமார் வேட்டையாடிய இடம் இது. வேட்டைக்கு விலங்கு வேண்டும் என்பதற்காகவே அவர்கள் இதனைக் காத்தார்கள். 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலம் அரசின் வசமாயிற்று; 1975-இல் சரணாலயமும், 1978-இல் கேரளத்தின் முதல் தேசியப் பூங்காவும் ஆயிற்று. தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய வரையாடு எல்லாவிடத்தினும் மிகுதியாக வாழ்வது இங்கேதான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது. இனி 2030-இல் பூக்கவேண்டும். ஆனைமுடிச் சிகரம் 2,695 மீட்டர் உயரத்தில் எழுந்து நிற்கிறது. அதனைச் சூழ்ந்த புல்வெளியும் பள்ளங்களில் அடர்ந்த சோலைகளும் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையில் சிறுகச் சிறுக விடுகின்றன. மனிதன் கட்டாத அணை என்று இதனைக் கூறலாம்.

யெல்லோஸ்டோன் பூங்கா அமைந்தபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த பழங்குடியினர் வெளியேற்றப்பட்டனர். அது உலகம் கற்றுக்கொள்ளவேண்டிய பாடம். இரவிகுளத்தில் முதுவரும் பரம்பிக்குளத்தில் காடரும் மலசரும் இன்றும் காட்டினுள்ளேயே வாழ்கின்றனர். காவலராகவும் வழிகாட்டிகளாகவும் பணியாற்றுகின்றனர். ஆயினும் அவர்களுக்குச் சாலையும் மருத்துவமும் பள்ளியும் எளிதிற் கிட்டுவதில்லை. காட்டைக் காப்பவர் துன்புற்றால் காடு நெடுநாள் நிலைக்காது.

இவ்வழியே செல்ல விரும்பும் நேயர்கள் சிலவற்றை மனத்தில் கொள்ளவேண்டும். வரையாடு குட்டி ஈனும் மாசி, பங்குனிக் காலத்தில் இரவிகுளம் மூடப்படும், விசாரித்துச் செல்க. பரம்பிக்குளத்துக்கு முன்கூட்டியே பதிவு செய்துகொள்க. காட்டுச் சாலையில் வண்டியை மெதுவாக ஓட்டுக, ஒலிப்பானை அழுத்தற்க. பிளாஸ்டிக் பொருள்களைக் கொண்டு செல்லற்க. குரங்குக்கும் மானுக்கும் உணவு கொடுப்பது அறம் என்று எண்ணற்க; அது அவற்றுக்கு நோயும் கேடும் தருவது.

அமெரிக்க நண்பர்களின் பயணம் பெரும்பாலும் காட்சிக்காக. எருத்தேன்பதி உழவரின் பயணம் கணக்குப் பார்ப்பதற்காக. நம் வயலில் பாயும் நீர் எந்த மரத்தடியில், எந்தப் புல்வேரில் தங்கி வருகிறது என்று அவர் நேரில் கண்டார். மூன்று நாட்களில் நான்கு முறை மாநில எல்லையைக் கடந்தோம். எல்லைப் பலகை இல்லாத இடங்களில் காடு எங்கே மாறியது என்று எங்களுக்குத் தெரியவில்லை. தண்ணீரைப் பங்கிட மாநிலங்களுக்கு ஒப்பந்தம் வேண்டும், அது நியாயமே. ஆனால் பங்கிடத் தண்ணீர் இருக்கவேண்டுமாயின், அது பிறக்கும் காட்டை இரு மாநிலத்தாரும் தமது என்று காக்கவேண்டும். சித்தூர் வட்டத்துப் பள்ளிகள் தம் மாணவரை ஆண்டுக்கு ஒரு முறை இம்மலைகளுக்கு அழைத்துச் செல்லுமாயின், வருங்காலத்து உழவர் மதகுக் காவலரிடம் மட்டுமன்றி மலையைப் பற்றியும் விசாரிக்கக் கற்றுக்கொள்வர்.