கடலுக்குள் ஒரு பள்ளிக்கூடம்
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்வியின் சிறப்பைப் பற்றிப் பெரியவர்கள் பேசிவிட்டார்கள். நான் கடலைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற விடுமுறையில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் பன்னிரண்டு பேரை அழைத்துக்கொண்டு பெர்ஹெந்தியான் தீவுகளுக்குப் போய் வந்தோம். புறப்படுமுன் பெற்றோர்கள் பலரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "கடலுக்கா வாத்தியாரே? பிள்ளைக்கு நீச்சல் தெரியாதே!" நியாயமான கேள்வி. ஆற்றிலும் பழைய ஈயக் குட்டையிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களை நாம் அறிவோம். பெண்பிள்ளைகள் ஐந்து பேர் பெயர் கொடுத்தார்கள். வந்தவர்கள் இரண்டே பேர்தான். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கெடாவிலிருந்து பஸ் ஏறி, 1982-இல் திறக்கப்பட்ட கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை வழியாகத் திரெங்கானு மாநிலத்துக் கோலா பெசுட் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து தீவுகள் சுமார் 20 கிலோமீட்டர். 'பெர்ஹெந்தியான்' என்றால் தங்குமிடம். பெரியது, சிறியது என இரண்டு முக்கியத் தீவுகள். சுற்றிலும் ராவா போன்ற குட்டித் தீவுகள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பருவக்காற்று வீசும். அப்போது கடல் கொந்தளிக்கும், போகக் கூடாது.

சின்னப் படகு, பின்னால் ஓர் எஞ்சின். ஏறும்போதே எல்லாருக்கும் மிதவைச் சட்டை. படகோட்டி மலாய்க்காரர், அந்தத் தீவுக் கம்பத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அங்கேயும் ஓர் ஆரம்பப் பள்ளி உண்டு என்று அவர் சொன்னதும் நம் பிள்ளைகள் வியந்து போனார்கள்.

முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் பழக்கம். கண்ணாடி முகமூடியை மாட்டி, மூச்சுக்குழாயை வாயில் கவ்வி, முகத்தைத் தண்ணீரில் வைக்க வேண்டும். அவ்வளவுதான்! "சார்! சார்!" என்று குழாய்க்குள்ளேயே கத்தினான் ஒரு பையன். கண்டதைச் சொல்ல அவனுக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

மாணவர்களே, பவளம் கல்லும் அல்ல, செடியும் அல்ல. உயிருள்ள சின்னஞ்சிறு பிராணிகள் கூடிக் கட்டிய வீடு அது. அதன் உடம்புக்குள் நுண்ணிய பாசி குடியிருந்து, வெயிலில் உணவு சமைத்துக் கொடுக்கிறது. கடல் சூடேறினால் அந்தப் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துவிடும், சூடு நீடித்தால் செத்தும் போகும். 2010-இலும் 2024-இலும் நம் நாட்டுக் கடலில் இப்படி நடந்தது. பாறை போன்ற பவளம் ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு மனிதன் தெரியாமல் காலை ஊன்றினால், அவன் தாத்தா காலத்து வளர்ச்சி ஒரு நொடியில் முறிந்துபோகும்.

கிளிமீன் பவளத்தைக் கொறிப்பது 'கறுக் கறுக்' என்று காதில் விழுந்தது. அது கழிப்பது வெள்ளை மணல். நாம் ஓடி விளையாடும் கடற்கரையில் அதன் பங்கும் உண்டு! இன்னோர் இடத்தில் கருந்துடுப்புச் சுறாக்கள் வந்தன. பிள்ளைகள் நடுங்கினார்கள். ஆனால் சுறாக்கள்தாம் எங்களைக் கண்டு விலகிப் போயின. பெரிய தீவின் பாவ் குடாவில் பச்சை ஆமை ஒன்று, மாடு மேய்வதுபோல் கடற்புல் மேய்ந்துகொண்டிருந்தது.

அந்த ஆமையின் கதையைப் பெற்றோர்கள் கேட்க வேண்டும். இதே திரெங்கானுவின் ரந்தாவ் அபாங் கடற்கரையில் 1950-களில் தோல்முதுகு ஆமைகள் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் அமைத்தன. முட்டையை எடுத்துத் தின்றோம். வலையில் சிக்கியும் மாண்டன. இன்று அங்கே அவற்றைக் காண்பதே அரிது. ஆமை முட்டை விற்பனைக்கு மாநில அரசு முழுத் தடை போட்டது 2022-இல்தான். எஞ்சிய ஆமை இனங்களுக்காவது அது உதவட்டும்.

"தோட்டத்தில் இருக்கும் நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். உண்டு. செம்பனைக்குப் போடும் உரம் மழையில் கரைந்து, கால்வாய் வழியே ஆற்றுக்கும், ஆறு வழியே கடலுக்கும் போகிறது. மிஞ்சிய உரத்தை ஓடையில் கொட்டாதீர்கள். லயத்துக் கால்வாயில் எறியும் பிளாஸ்டிக் பையும் அதே வழிதான். ஆமை அதை ஜெல்லி மீன் என்று நினைத்து விழுங்கிவிடும்.

இப்போது நீச்சலுக்கு வருகிறேன். பெற்றோர்களே, உங்கள் பயம் தவறில்லை. ஆனால் பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கமே விடாமல் வளர்த்தால் அவன் ஒருநாள் திருட்டுத்தனமாகத்தான் இறங்குவான். அப்போது பக்கத்தில் பெரியவர் இருக்கமாட்டார். மிதவைச் சட்டையும் இருக்காது. குட்டையில் மூழ்கும் பிள்ளைகளில் பலர் அப்படிச் சொல்லாமல் போனவர்கள்தாம். பயத்துக்கு மருந்து பூட்டு அல்ல, பழக்கம்.

"பொம்பளப் பிள்ளைக்கு நீச்சல் எதுக்கு?" என்று கேட்டார் ஒரு தாய். அம்மா, வெள்ளம் வந்தால் ஆண், பெண் என்று பார்த்தா வரும்? வந்த இரண்டு பெண்பிள்ளைகளும் மாலைக்குள் பையன்களுக்குச் சமமாக மிதந்தார்கள். வராத மூன்று பேரும் திங்கட்கிழமை அவர்களைச் சுற்றி நின்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இன்று பரிசு பெறும் செல்வங்களுக்கு என் வாழ்த்து. பெறாதவர்களுக்கும் வாழ்த்து; கடலில் வரிசை எண் கிடையாது. அடுத்த விடுமுறைக்கு முன் நகராட்சிக் குளத்தில் நீச்சல் பழக்க ஏற்பாடு செய்கிறோம். பெயர்ப் பட்டியல் அலுவலக வாசலில் இருக்கிறது. மகன் பெயரோடு மகள் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள்.