இறப்பர்ப் பாலும் பொய்ப் பல்லும்



மலையகம் என்றதும் நம் எழுத்தாளர்களுக்குக் கொழுந்துக் கூடைதான் நினைவுக்கு வரும். கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் பிறந்த என் போன்றவர்களுக்கோ பால் வாளி. அந்த இறப்பர்ப் பாலுக்கும் மனிதர் பல்லுக்கும் உள்ள உறவைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

பொய்ப் பல் பழைய சங்கதி. பழைய இத்தாலியின் எத்ருஸ்கர் பொன் பட்டையில் பல்லைப் பொருத்திக் கட்டினார்கள். அமெரிக்க ஜனாதிபதி வாஷிங்டன் அணிந்தது மரப் பல் என்பது கட்டுக்கதை; நீர்யானைத் தந்தமும் மனிதப் பல்லும் அதில் இருந்தன. எல்லாம் காசுள்ளவர் சமாச்சாரம். சாதாரணக் குடும்பங்களுக்கும் அதை எட்டச் செய்தது இறப்பர். கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடேற்றினால் அது கொம்புபோல் இறுகும். 'வல்கனைட்' என்று பெயர். அதையே ஈறாக வார்த்துப் பல்லைப் பதித்தார்கள். காப்புரிமை வைத்திருந்த அமெரிக்கக் கம்பனி, பல் வைத்தியர்கள்மேல் வழக்குமேல் வழக்குப் போட்டது. 1879இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல் வைத்தியர் அதன் பொருளாளரைச் சுட்டே கொன்றுவிட்டார். யாராவது நாவலாக எழுதலாம்!

அதற்கு மூன்றாண்டு முன், 1876இல், இலண்டன் கியூ தோட்டத்து இறப்பர்க் கன்றுகள் நமது ஹெனரத்கொடைக்கு வந்திறங்கின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எங்கள் மலைகளெல்லாம் இறப்பர். 1930களின் பிற்பகுதியில் அக்ரிலிக் வரும்வரை பொய் ஈறு பெரும்பாலும் இறப்பர்தான்.

விடிகாலையில் மரத்துக்கு மரம் ஓடிப் பால் வெட்டிய என் அம்மாயிக்கு ஐம்பது வயதில் மூன்றே பல். வெற்றிலையை உரலில் இடித்துத்தான் போடுவாள். பல்லுக் கட்டலாமே என்றேன். "செத்தா அதையுமா சேத்துப் பொதைப்பீங்க?" என்று சிரித்தாள். எங்கள் தோட்டத்து மருந்துச்சாலையில் பல்லைப் பிடுங்குவார்கள், கட்டுவது கிடையாது.

அந்தத் தலைமுறைக்குப் பல் எப்படிப் போயிற்று? விடையில் ஒரு பகுதி பக்கத்து மாகாணத்தில் இருக்கிறது. 1970இல் நோர்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோவின் குழு, அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதித்தது. பல்துலக்கும் வழக்கமோ பல் வைத்தியமோ அறியாதவர்கள் என்பதே அவர்களைத் தெரிந்ததற்குக் காரணம். ஈறு நோய் தன் போக்கில் எப்படிப் போகிறது என்று 1985வரை அளந்தார்கள். சொத்தைப் பல் அநேகமாக இல்லை, ஈறுதான் கரைந்தது. நூற்றுக்கு எட்டுப் பேருக்கு வேகமாக, 81 பேருக்கு மிதமாக. மீதிப் பதினொருவருக்கு நோய் முற்றவே இல்லை. அறிவியலுக்குப் பெரும் லாபம். வாய்க்குச் சொந்தக்காரருக்கு?

2010இல் மறுபடி பார்த்தபோது 75 பேரைத்தான் பரிசோதிக்க முடிந்தது. சராசரியாகப் பதின்மூன்று பல் போயிருந்தது. ஒன்றும் இழக்காதவரும் இருந்தார். இருபத்தெட்டை இழந்தவரும் இருந்தார்.