மணி பிடிக்காத பயிர்

காட்டுத்தீயில் எரிந்த நிலத்தில் எதை விதைப்பது என்ற கேள்வி அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பல பத்தாண்டுகளாகத் தீராமல் இருக்கிறது. நெவாடா, யூட்டா மாநிலங்களில் பரந்து கிடக்கும் கிரேட் பேசின் என்ற வறண்ட நிலத்துக்கே உரிய செடி, சேஜ்பிரஷ் என்னும் சாம்பல்நிறப் புதர். அதன் பெரிய வகை, எரிந்தால் அடியிலிருந்து துளிர்க்காது. விதை விழுந்துதான் மீண்டும் வரவேண்டும். அது வருவதற்குள் சீட்கிராஸ் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல் கடந்து வந்த ஓராண்டுப் புல் அது. இலையுதிர்காலத்திலேயே முளைத்து, குளிரிலும் வேரோட்டி, வசந்தத்தின் ஈரத்தை மற்ற செடிகளுக்கு முன்பே உறிஞ்சிவிடும். கோடை முற்றுவதற்குள் காய்ந்து, அடுத்த தீக்கு எரிபொருளாக நிற்கும். ஒவ்வொரு தீயும் அந்தப் புல்லுக்கே இடம் ஒதுக்கித் தருகிறது.

இந்தச் சுழற்சியை உடைக்க, விரைவாக வளரும் வெளிநாட்டுப் புற்களை விதைத்தார்கள். 1930-களிலிருந்து ஆசியாவின் கிரெஸ்டட் வீட்கிராஸ் பெரும் பரப்பில் விதைக்கப்பட்டது. மண் நின்றது, ஆனால் அந்தப் புல்லும் நின்றுவிட்டது. இன்றும் பல இடங்களில் வேறெதையும் எளிதில் உள்ளே விடாமல் அது மட்டுமே இருக்கிறது. கலிபோர்னியாவில் தீக்குப் பின் தூவிய ரைகிராஸ் மீதும் இதே குறைதான் சொல்லப்பட்டது. நமக்குத் தெரிந்த மூடுபயிரை உழவர் நினைத்தபோது மடக்கி உழுதுவிடலாம்; மலைச்சரிவில் அது நடக்காது. எனவே வேலை முடிந்ததும் தானாகவே போய்விடும் பயிர் வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. கோதுமையை அதன் காட்டுப் புல் உறவோடு கலந்த மலட்டு வகையும், கோதுமையும் ரை தானியமும் கலந்த டிரிட்டிகேலின் மலட்டு வகையும் அப்படித்தான் புழக்கத்துக்கு வந்தன. கோதுமையில் 42 குரோமோசோம்கள், ரை தானியத்தில் 14. இரண்டும் கூடிய முதல் கலப்புச் செடிக்கு இரு பெற்றோரின் எண்ணிக்கையிலும் பாதி சேர்ந்து 28 கிடைக்கும். அவற்றுக்குச் சரியான ஜோடி இல்லாததால் மகரந்தமும் சூலும் ஒழுங்காக உருவாவதில்லை. பயிர் வளரும், கதிர் விடும், மணி பிடிக்காது. இந்த அறிவை அழிந்த நிலத்தின் மீட்சிக்குத் திருப்பியதை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் மலட்டுத்தன்மையை மட்டும் நம்பி இந்த விதைப்பு முறையை மதிப்பிடுவது தவறு என்பதே என் வாதம். மணி பிடிக்காத குணம் அடுத்த ஆண்டின் கவலையைத்தான் தீர்க்கும். நாட்டுச் செடிகளின் தலைவிதி பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே முடிவாகிவிடுகிறது. 2001-இல் சியெரா நெவாடா மலையில் செக்கோயா தேசியக் காட்டின் ஒரு பகுதி எரிந்தபின், நிலைத்து நிற்காது என்று கருதிய கோதுமையை அடர்த்தியாகத் தூவினார்கள். ஜான் கீலி என்ற சூழலியலாளர் ஆராய்ந்தபோது, கோதுமை தழைத்த இடங்களில் நாட்டுச் செடிவகைகள் குறைந்திருந்தன. பைன் நாற்றுகளும் அருகியிருந்தன. விருந்தாளி சீக்கிரம் புறப்படுவார் என்பது உண்மைதான். அதற்குள் பானைச் சோறு தீர்ந்துவிட்டால் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்? ஒளியும் ஈரமும் அங்கே அப்படித்தான் தீர்ந்தன.

அப்படியானால் விதைப்பதையே விட்டுவிட்டு வைக்கோலைப் பரப்பலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. முதல் பெருமழை வரும்போது பயிர் பெரும்பாலும் முளைத்தே இருக்காது. வைக்கோலோ பரப்பிய அன்றே மண்ணை மூடிவிடும். செங்குத்தான சரிவுக்குக் கீழே ஊரோ குடிநீர் ஏரியோ இருந்தால் நானும் வைக்கோலையே சொல்வேன். ஆனால் பல்லாயிரம் ஏக்கருக்கு அதைப் பரப்பும் செலவு மிகப் பெரிது. காற்று வாரிக்கொண்டு போகும். களைவிதையும் அதோடு வந்து சேரக்கூடும். மலட்டுப் பயிர் முழு மலடல்ல, சில மணிகள் பிடித்துவிடும் என்ற ஐயமும் உண்டு. அது பெரிய ஆபத்து என்று எனக்குத் தோன்றவில்லை. உழாத வறண்ட நிலத்தில், வளர்ப்புப் பயிர்களின் குணமுள்ள சில செடிகள் சீட்கிராஸைப் போல ஆண்டுக்காண்டு பெருகுவது அரிது.

தூவும் அளவு எப்படி இருக்க வேண்டும் என்பதை அமெரிக்காவின் நடுப்பகுதியில் பிரெய்ரி என்னும் புல்வெளிகளை மீட்பவர்கள் நன்றாகவே காட்டியிருக்கிறார்கள். அங்கே நாட்டு விதைகளோடு ஓட்ஸை மெல்லியதாகத் தூவுவார்கள். பிரெய்ரிச் செடிகள் முதல் ஆண்டில் பெரும்பாலும் வேரைத்தான் வளர்க்கும். அதுவரை ஓட்ஸ் மண்ணைப் பிடித்து, களைகளின் இடத்தை நிரப்பும். ஓங்கி வளர்ந்தால் கதிர் முற்றுமுன் உயரத்தில் வெட்டிவிடுவார்கள். ஓட்ஸ் மலட்டுப் பயிர் அல்ல. ஆனாலும் முறை பலிக்கிறது. காரணம், இடைவெளி விட்டு விதைக்கும் கட்டுப்பாடு.

ஆகவே, நாட்டு விதை மண்ணில் உயிரோடு இருக்கும் இடத்தில் எதையும் தூவ வேண்டாம். சீட்கிராஸ் காத்திருக்கும் இடத்தில் மலட்டுப் பயிரைத் தூவலாம். ஆனால் மெல்லியதாக, அந்தந்த மண்ணுக்குரிய நாட்டு விதையோடு, அதே பருவத்தில். நாட்டு விதை கையில் இல்லாமல் மூடுபயிரை மட்டும் விதைப்பது, அடுத்த ஆண்டு சீட்கிராஸுக்கு வெற்று நிலத்தைத் தயார் செய்து கொடுப்பதுதான்.