எருக்குழியில் இருக்க வேண்டியது கிணற்றில் இருக்கிறது

(திருவண்ணாமலையில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘நீரும் சூழலும்’. நீர் என்றதும் மழைநீர் சேகரிப்பு, நெகிழி ஒழிப்பு என்று பேசுவது வழக்கம். நான் சாணியைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்க வேண்டாம். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் காலையில் மாட்டுக் கொட்டகையைக் கூட்டிவிட்டுப் பள்ளிக்குப் போனவர்கள்தான். நம் மாணவர்களில் பலர் இன்றும் பால் சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டுத்தான் வகுப்புக்கு வருகிறார்கள். மாடு இருக்கும் வீட்டில் சாணியும் மூத்திரமும் உண்டு. அவை எங்கே போகின்றன என்பதுதான் என் கேள்வி.

முதலில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஏழாம் வகுப்பில் தண்ணீர்ப் பாடம் நடத்தியபோது, வீட்டில் குடிக்கிற தண்ணீரை ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவரச் சொன்னேன். ஊராட்சியிலிருந்து களச் சோதனைப் பெட்டியை இரவல் வாங்கி வைத்திருந்தேன். நைட்ரேட் சோதனையில் பெரும்பாலான பாட்டில்களில் நிறம் லேசாகத்தான் வந்தது. ஒரு மாணவி கொண்டுவந்த கிணற்றுத் தண்ணீர் மட்டும் நிற அட்டையின் கடைசிக் கட்டம் வரை போனது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரம்பு.

அந்த மாணவி கேட்டாள்: “டீச்சர், எங்க அக்கா பிரசவத்துக்கு வந்திருக்குது. பாப்பாவுக்குப் பால்மாவு இந்தத் தண்ணியிலதான் கலக்குறாங்க. பரவாயில்லயா?”

நான் யோசிக்கவே இல்லை. “நல்லாக் காய்ச்சி ஆற வச்சுக் கலக்கச் சொல்லும்மா” என்றேன்.

அன்றிரவு அடுத்த பாடத்துக்குக் குறிப்பு எடுக்கும்போதுதான் உறைத்தது. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. அது நீரில் கரைந்திருக்கும் உப்பு. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிச்சமுள்ள நீரில் அதன் அடர்த்தி கூடும். உப்புக் கரைசலைச் சுண்டக் காய்ச்சி உப்பைப் பிரித்துக் காட்டும் சோதனையை ஆண்டுதோறும் செய்கிறவள் நான். அந்தப் பாடம் ஒரு குழந்தையின் பால் புட்டிக்குப் பொருந்தும் என்று எனக்கே தோன்றவில்லை.

விடிந்ததும் அந்த வீட்டுக்குப் போனேன். பாட்டி, “நீ சொன்னபடி நல்லாச் சுண்டக் காய்ச்சித்தாம்மா கலந்தோம்” என்றார். நான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டேன். கிராம சுகாதார செவிலியரை வரவழைத்தோம். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. தாய்ப்பால் கூடுதலாகக் கொடுக்கவும், பால்மாவுக்கு ஊராட்சிக் குழாய்த் தண்ணீரை எடுக்கவும் சொன்னார். குழாய்த் தண்ணீரை நாங்கள் ஏற்கெனவே சோதித்திருந்தோம். அதில் நைட்ரேட் குறைவு. கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கும் அனுப்பினோம். 45-ஐத் தாண்டித்தான் இருந்தது.

ஏன் பச்சிளங்குழந்தைக்கு இவ்வளவு பயப்பட வேண்டும்? உடலுக்குள் போகும் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத வடிவமாக்கிவிடுகிறது. பெரியவர்களின் உடல் அதைச் சரிசெய்துகொள்ளும். சில மாதக் குழந்தையால் அந்த அளவுக்கு முடியாது; உதடும் நகமும் நீலம் பாய்ந்துவிடும். 1945-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்டர் காம்லி என்ற மருத்துவர், கிணற்று நீரில் கலந்த பால் குடித்த குழந்தைகளிடம் இதைக் கண்டு எழுதினார். அதன் பிறகுதான் உலகம் கிணற்று நைட்ரேட்டைக் கவனிக்கத் தொடங்கியது.

பாட்டி இன்னொன்றும் சொன்னார்: “இந்தத் தண்ணியிலதாம்மா நாலு புள்ளைங்கள வளத்தேன்.” அதுவும் பொய்யில்லை. அப்படியானால் இடையில் என்ன மாறியது? கொட்டகையைச் சுற்றிப் பார்த்தேன். அன்று இரண்டு நாட்டு மாடுகள், மண் தரை. தரையில் வைக்கோல் கூளமும் மல்லாட்டைத் தோலும் பரப்பியிருப்பார்கள். மூத்திரத்தை அது உறிஞ்சும். காலையில் எல்லாம் சேர்ந்து எருக்குழிக்குப் போகும். இன்று ஐந்து கலப்பின மாடுகள், சிமெண்ட் தரை. இரண்டு வேளையும் பால் கறக்கும் முன் மோட்டார் போட்டுக் கழுவுகிறார்கள். கழுவிய தண்ணீர் வாய்க்காலில் ஓடி, கிணற்றுக்கு மேட்டுப் பக்கம் தேங்குகிறது. சாணி அதன் பக்கத்திலேயே திறந்த வெளியில் குவிந்து, மழையில் நனைகிறது. வீட்டுக்காரர்கள் சுத்தமாக இருக்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தார்கள்.

மாட்டுக்குள் போகும் தழைச்சத்தில் பெரும்பங்கும் சாம்பல்சத்தில் மிகப் பெரும்பங்கும் மூத்திரத்தில்தான் வெளியேறுகின்றன. மணிச்சத்து சாணியில் தங்குகிறது. ஆகவே சாணியை மட்டும் அள்ளி வைத்து மூத்திரத்தைக் கழுவி விடுகிறவர், உரத்தில் பாதியை ஓடவிடுகிறார். மண்ணுக்குள் போன அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. களிமண் துகளும் எதிர்மின்சுமை, நைட்ரேட்டும் எதிர்மின்சுமை. அதனால் மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. மழைநீரோடு கீழே போய்விடும். நம் மாவட்டம் பாறைப் பகுதி. சிதைந்த மேல்பாறையிலும் வெடிப்புகளிலும் நிற்கும் நீரைத்தான் இறைக்கிறோம். வெடிப்பு வழியாக இறங்கும் நீர் வடிகட்டப்படுவது குறைவு.

நைட்ரேட் எல்லாம் மாட்டிலிருந்துதான் வருகிறது என்று நான் சொல்லவில்லை. அளவுக்கு மீறிப் போடும் யூரியாவும், கிணற்றருகே தோண்டிய கழிவறைக் குழியும் அதே வேலையைச் செய்யும். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கையில், நாடு முழுவதும் எடுத்த மாதிரிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று நைட்ரேட் வரம்பை மீறியிருந்தது. அதிகம் பாதித்த மாநிலங்களில் தமிழ்நாடும் உண்டு. மிக மோசமான 15 மாவட்டங்களின் பட்டியலில் நம் பக்கத்து விழுப்புரம் இருக்கிறது.

இனி கணக்குக்கு வருவோம். நன்கு மக்கிய தொழு உரத்தில் சராசரியாகத் தழைச்சத்து 0.5 விழுக்காடு, மணிச்சத்து 0.2, சாம்பல்சத்து 0.5. அதாவது ஒரு டன் எருவில் முறையே 5 கிலோ, 2 கிலோ, 5 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் 46 விழுக்காடு தழைச்சத்து, சுமார் 20.7 கிலோ. ஆக, நான்கு டன் எருவுக்கு ஒரு மூட்டை யூரியா ஈடு. அந்த நான்கு டன்னில் 8 கிலோ மணிச்சத்தும் 20 கிலோ சாம்பல்சத்தும் சேர்ந்தே வருகின்றன. மண்ணைப் பொதபொதப்பாக்கும் கரிமப் பொருளும் வருகிறது. மானியத்தில் யூரியா மலிவாகக் கிடைப்பதால் நான்கு டன்னைச் சுமக்க யாருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் பொட்டாஷும், மணிச்சத்து உரத்துக்கான பாறையில் பெரும்பகுதியும் கப்பலில்தான் நம் நாட்டுக்கு வருகின்றன. பணம் கொடுத்து வாங்கிய சத்து தீவனமாக மாட்டுக்குள் போய், வாய்க்கால் வழியாக ஏரிக்குப் போகிறது.

ஏரியில் என்ன நடக்கும்? மணிச்சத்து வந்து சேர்ந்தால் பாசியும் ஆகாயத்தாமரையும் செழிக்கும். அவை மடிந்து அழுகும்போது நீரில் கரைந்த ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் சாகும். சிலவகை நீலப்பச்சைப்பாசிகள் நஞ்சையும் உண்டாக்கும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரில், ஈரி ஏரியில் பெருகிய பாசியின் நஞ்சு குடிநீரில் கலந்ததால், 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் குழாய் நீரைக் குடிக்க வேண்டாம் என்றார்கள். அங்கும் காய்ச்சக் கூடாது என்றே அறிவித்தார்கள். வயல்களில் இட்ட உரமும் கால்நடை எருவும் மழையில் கரைந்து ஏரிக்குப் போனதே முக்கியக் காரணம்.

நம் முன்னோர் ஏரிக்குப் போன சத்தைத் திரும்ப எடுக்கத் தெரிந்தவர்கள். கோடையில் ஏரி வண்டலை வண்டியில் ஏற்றிக் கழனிக்கு அடித்தார்கள். அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டார்கள்; புழுக்கையும் மூத்திரமும் விழுந்த இடத்திலேயே உரமாயின. 2017 முதல் ஏரி வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி எடுக்க அரசு அனுமதி தருகிறது. இதை மாணவர்களின் பெற்றோரிடம் சொல்லலாம்.

ஏரிக்குப் போகும் முன்பே பிடிப்பது இன்னும் எளிது. எருக்குழி கிணற்றுக்குப் பள்ளப் பக்கம், முடிந்தவரை தள்ளி இருக்க வேண்டும். குழியின் அடியில் களிமண் போட்டு இடிக்க வேண்டும். சுற்றிலும் கரை, மேலே கீற்று அல்லது மண் மூட்டம் வேண்டும். கொட்டகையில் கூளம் பரப்ப வேண்டும்; கழுவுநீர் வாய்க்காலைக் குழிக்கே திருப்ப வேண்டும். எருவைக் கழனியில் சிறு சிறு குவியலாக வெயிலில் காயவிடாமல் அன்றே உழுதுவிட வேண்டும். இல்லாவிட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போகும்.

சாண எரிவாயுக் கலன் வைத்தால் அடுப்புக்கு எரிவாயு கிடைக்கும். எரிவாயுவாகப் போவது பெரும்பாலும் கார்பன்தான்; மூன்று சத்துகளும் கழிவுக் கரைசலிலேயே தங்குகின்றன. அந்தக் கரைசலைச் சாக்கடையில் விட்டால் பழைய கதைதான். குஜராத்தின் ஆனந்த் மாவட்டத்தில் ஜகரியாபுரா என்ற ஊரில், தேசிய பால்வள வாரியத்தின் உதவியோடு பால் உற்பத்தி செய்யும் பெண்கள் வீட்டுக்கொரு கலன் வைத்து, எரிவாயுவில் சமைத்து, கரைசலைத் தங்கள் நிலத்துக்கு இட்டது போக மிச்சத்தை விற்கிறார்கள். பாலுக்குப் பக்கத்தில் சாணிக்கும் ஒரு வரவு.

இதை வகுப்பில் எப்படிக் கொண்டுவருவது? தொடக்கப் பள்ளியில் இரண்டு பாட்டில் குளத்து நீர் போதும். ஒன்றில் ஒரு கரண்டி சாணக் கரைசல் விட்டு, இரண்டையும் வெயில் படும் சன்னலில் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு நாள்தோறும் எந்தப் பாட்டில் பச்சையாகிறது என்று பிள்ளைகள் வரைந்து வைக்கட்டும். நடுநிலையில் நான் மேலே சொன்ன யூரியா மூட்டைக் கணக்கு. உயர்நிலையில் தெருவின் கிணறு, எருக்குவியல், சரிவு மூன்றையும் குறித்த வரைபடம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வரைபடத்தில் வீட்டுக்காரர் பெயர் எழுத வேண்டாம். மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளை இந்தப் பாடத்தால் தலைகுனியக் கூடாது. எருவின் மணத்தையும் பதத்தையும் பற்றி நம்மைவிட அதிகம் தெரிந்தது அந்தப் பிள்ளைக்குத்தான். அவர்களைப் பேச வைத்தால் பாடம் தானாக நடக்கும்.

அந்த வீட்டில் குழியைப் பள்ளப் பக்கம் மாற்றிவிட்டார்கள். வாய்க்காலைத் திருப்பியவர் பாட்டிதான். கிணற்றை மறுபடி சோதித்தோம். நைட்ரேட் இன்னும் வரம்புக்குக் கீழே வரவில்லை. ஆண்டுக்கணக்கில் இறங்கியது ஒரே பருவத்தில் போய்விடாது. அதுவரை அந்தத் தண்ணீர் மாட்டுக்கொட்டகைக்கும் தோட்டத்துக்கும். குடிக்கக் குழாய்த் தண்ணீர். அந்தக் குழந்தை இப்போது நடக்கிறது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பள்ளிக் குடிநீரை ஒரு பாட்டில் கொண்டுவாருங்கள். சோதனைப் பெட்டியை நான் கொண்டுவருகிறேன்.